மூன்றாம் எண் பேஜும் திருத்தாத ஒரு ரிப்போர்ட்டும்

டாக்டர் ஞானசிகாமணியின் நூற்றாண்டுக்கு மலர் போடுகிறோம், நீங்களும் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் பழைய ஆய்வகத்து நண்பர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள். 'இனிய நினைவுகளாக இருந்தால் நலம்' என்று கடைசியில் ஒரு வரி. கூடவே மலரின் முகப்புக் கட்டுரையை அச்சடித்து இணைத்திருந்தார்கள். பாக்டீரியாக்கள் தங்களைத் தாக்கும் வைரஸ்களிடமிருந்து எப்படித் தப்பிக்கின்றன, அதற்கென்று அவை வைத்திருக்கும் புரதங்கள் என்னென்ன, ஒவ்வொரு புரதத்திலும் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்றெல்லாம் வண்ணப் படங்களோடு விளக்கிவிட்டு, 'உலகம் இன்று வியக்கும் இந்தத் துறையின் ஒரு கீற்றை நம் டாக்டர் அன்றே பள்ளிகொண்டாவில் அமர்ந்து கண்டார்' என்று முடித்திருந்தார்கள்.

அவர் காணவில்லை. கிருமி வளர்த்த அந்தத் தட்டைப் பார்த்தது நான். பார்த்ததைச் சொன்னபோது என் கை சுத்தமில்லை என்றார் அவர். பெருமை யாருக்கு என்று சண்டை போடும் வயதை நான் தாண்டிவிட்டேன். எனக்கு ஆறாமல் இருப்பது வேறு விஷயம். அந்தத் தட்டில் தெரிந்த உண்மை அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்தது. முனியம்மா என்ற சமையல்காரிக்குப் போய்ச் சேரவில்லை. மலரில் முனியம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. அதனால் இரண்டு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் எஸ்தர். அப்பா பள்ளிகொண்டாவில் மிஷன் பள்ளி வாத்தியார். பி.யூ.சி. முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, எழுபதுகளின் நடுவில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடம், நான்கு அறை, ஏழு பேர். ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தியது. இப்போது அது இல்லை. முதல் இரண்டு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவினேன், கிருமி வளர்க்கும் அகார் கூழைக் காய்ச்சினேன், நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் வருடம் பேஜ் வேலை என் கைக்கு வந்தது.

பேஜ் என்பது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. டைபாய்டு கிருமிகளில் பல வகை உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட பேஜுக்குத்தான் பலியாகும். ஊரில் பத்துப் பேருக்கு டைபாய்டு வந்தால், பத்தும் ஒரே இடத்திலிருந்து பரவியதா, வெவ்வேறா என்று கண்டுபிடிக்க அன்று இதுதான் வழி. டில்லியிலிருந்து எங்களுக்கு ஐந்து பேஜ்கள் மட்டும் கிடைத்திருந்தன. சின்னச் சின்னக் குப்பிகள், ஒன்று முதல் ஐந்து வரை நாங்களே எண் போட்டிருந்தோம்.

செய்முறையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நோயாளியின் கிருமியைத் தட்டில் சீராகப் பரப்ப வேண்டும். ஈரம் உலர்ந்ததும் தட்டின் அடியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேஜ் என்று கம்பி லூப்பால் ஒரு சொட்டு வைக்க வேண்டும். பேஜ் ஜாஸ்தி கெட்டியாக இருக்கக் கூடாது. தன் சொந்த வகைக் கிருமியை முழுதாக அழிக்க எது குறைந்தபட்ச அளவோ, அந்த அளவுக்கு நீர்க்க வேண்டும். மறுநாள் காலையில் தட்டைக் கவிழ்த்து, வெளிச்சத்துக்குக் காட்டி, கை லென்ஸால் பார்க்க வேண்டும். பேஜ் தின்ற இடம் வட்டமாக, கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். தின்னாத இடம் மங்கலாக அப்படியே இருக்கும்.

இன்னொரு விதி. ஒரு பேஜ் தீர்ந்துபோனால் அதைப் பெருக்கலாம். ஆனால் அதற்கென்று ஒதுக்கிய மூலக் கிருமியின் மேல் மட்டுமே பெருக்க வேண்டும். மூன்றாம் எண் பேஜை மூன்றாம் எண் மூலக் கிருமியில்தான் வளர்க்க வேண்டும். டில்லியிலிருந்து வந்த குறிப்பில் இந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஏன் என்று எழுதவில்லை.

டாக்டர் ஞானசிகாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்துகிற மனிதர் இல்லை. எங்கள் எல்லாரையும், கூட்டிப் பெருக்குகிறவர் உட்பட, 'நீங்க' என்றுதான் அழைப்பார். அறைக்குள் வந்ததும் கைகளை முழங்கை வரை கழுவுவார், வெள்ளைத் துண்டில் விரல் விரலாகத் துடைப்பார். பிறகு ஸ்டூலை இழுத்து நம் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தப்பு என்றால் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ யோசிங்க எஸ்தர்" என்பார். அந்த மென்மையான குரலுக்கு நாங்கள் பயந்த மாதிரி எந்த அதட்டலுக்கும் பயந்திருக்க மாட்டோம். அவர் யோசிக்கச் சொன்னால், அவர் நினைத்திருக்கும் விடையை நாம் வாயால் சொல்லும் வரை யோசிக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கோடையில், ஆம்பூரில் ஷூவின் மேல்தோலான அப்பர் தைக்கும் ஒரு கம்பெனியில் டைபாய்டு பரவியது. தோல் பதனிடும் தொட்டிகளும் தையல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தன. வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கேன்டீனில். இரண்டு வாரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். பெரும்பாலும் தையல் பிரிவுப் பெண்கள். அவர்களில் ஜெயந்தி என்று பத்தொன்பது வயதுப் பெண், குடல் ஓட்டையாகி இறந்துபோனாள்.

கேன்டீனில் வேலை பார்த்த ஒன்பது பேரின் மலமும் சோதனைக்கு வந்தது. எட்டில் ஒன்றுமில்லை. ஒன்பதாவது, தலைமைச் சமையல்காரி முனியம்மாவுடையது. அதில் டைபாய்டு கிருமி வளர்ந்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை. எப்போதோ வந்து போன டைபாய்டின் கிருமி பித்தப்பையில் தங்கி, அவருக்குத் தெரியாமலேயே வெளியேறிக்கொண்டிருந்தது. நான் தட்டு போட்டேன். மூன்றாம் எண் கட்டத்தில் தெளிவான வட்டம். முனியம்மாவுடையது மூன்றாம் வகை என்று பதிவேட்டில் எழுதினேன்.

அடுத்த வாரம் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமிகள் வந்தன, ஜெயந்தியுடையதும் சேர்த்து. அதே குப்பி, அதே அளவு. ஐந்து கட்டத்திலும் ஒன்றும் இல்லை. மூன்றாம் எண் கட்டத்தில் லென்ஸை வைத்துத் தேடினால் ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை.

டாக்டரிடம் காட்டினேன். துண்டில் கை துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"பேஜ் வீக் ஆயிடுச்சு. ரெண்டு நாள் கரண்ட் இல்ல, பிரிட்ஜ் ஓடலையே."

"போன வாரம் சமையல்காரம்மாவோடது நல்லா வந்துச்சு சார்."

"அது கரண்ட் போறதுக்கு முன்னாடி. கெட்டியா போட்டுப் பாருங்க."

நீர்க்காமல் அப்படியே கெட்டியாகச் சொட்டினேன். வழக்கமாக அந்தக் கெட்டியில் வட்டம் முழுக்க வெறிச்சோடிப் போயிருக்கும். மறுநாள் பார்த்தால் மூன்றே மூன்று சிறு ஓட்டைகள். ஆயிரக்கணக்கில் இறங்கிய வைரஸ்களில் மூன்றுதான் உள்ளே போய்ப் பிழைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கையைத் தேதியோடு என் நோட்டில் எழுதி வைத்தேன். எனக்கு அர்த்தம் தெரியாது. விநோதமாக இருந்தது, எழுதினேன்.

டாக்டருக்கு அந்த மூன்று ஓட்டைகள் போதுமாக இருந்தன. "பாத்தீங்களா, திங்குது. இதுலேர்ந்து எடுத்துப் பெருக்குங்க."

"மூலக் கிருமி ட்யூப்புல பூஞ்சை புடிச்சிருக்கு சார். டில்லிக்கு எழுதி..."

"மூணு வாரம் ஆகும். கம்பெனில தினமும் போன் பண்றாங்க. பேஷன்ட்டோட கிருமி மேலயே வளத்துடுங்க. அதுவும் டைபாய்டு கிருமிதானே?"

"அப்படிச் செய்யக் கூடாதுன்னு குறிப்புல அடிக்கோடு போட்டிருக்காங்க."

ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ யோசிங்க எஸ்தர். கேன்டீன்ல ஒரே ஒருத்தருக்குத்தான் கிருமி இருக்கு. அவங்க சமைச்சதத்தான் எல்லாரும் சாப்ட்டாங்க. இதுல நமக்கு இன்னா சந்தேகம்?"

நான் யோசித்தேன். அவர் விடையைச் சொன்னேன். "சரி சார்."

நோயாளியின் கிருமியோடு சேர்த்து அந்தப் பேஜை வளர்த்து, அறுபது டிகிரிச் சூட்டில் அரைமணி வைத்துக் கிருமிகளைக் கொன்று, குப்பியில் ஊற்றி, 'மூன்று' என்று சீட்டு ஒட்டினேன். என் கையால் ஒட்டினேன். அந்தப் புதுக் குப்பி நோயாளிகளின் கிருமிகள் அத்தனையையும் அழகாக அழித்தது. எல்லாம் மூன்றாம் வகை. பதிவேட்டில் வரிசையாக 'மூன்று, மூன்று' என்று எழுதியதும் நான்தான்.

ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனது. 'சமையல்காரரின் கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒரே வகை.' கீழே பச்சை மையில் டாக்டரின் கையெழுத்து. அன்றைக்கே முனியம்மாவை வெளியே அனுப்பினார்கள். காகிதத்தைக் கேன்டீன் பலகையில் ஒட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ரிப்போர்ட் போன மறுநாள் தட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். முனியம்மாவின் கிருமி இன்னும் உயிரோடு ட்யூப்பில் இருந்தது. புதுக் குப்பியைச் சரிபார்க்க மூலக் கிருமி இல்லையே, மூன்றாம் வகை என்று நமக்குத் தெரிந்தது இது ஒன்றுதானே என்று அதன் மேல் ஒரு சொட்டு வைத்தேன். வழக்கமான ஒழுங்குக்காகத்தான்.

மறுநாள் காலை அந்தக் கட்டம் மங்கலாக இருந்தது. மூன்றாம் எண் பேஜ் மூன்றாம் வகைக் கிருமியைத் தொடவே இல்லை.

மூன்று முறை திரும்பச் செய்தேன். புது பிப்பெட், புது அகார். மூன்று முறையும் அதே. புதுக் குப்பி நோயாளிகளின் கிருமியைத் தின்கிறது, முனியம்மாவின் கிருமியை விட்டுவிடுகிறது. பழைய குப்பியின் அடியில் மிச்சமிருந்த சொட்டோ முனியம்மாவின் கிருமியைத் தின்கிறது, நோயாளிகளுடையதை விட்டுவிடுகிறது. பழைய குப்பி வீக் ஆகவே இல்லை. இரண்டு கிருமியும் வேறு வேறு.

அலமாரியில் இருந்த தடித்த புத்தகம் ஒன்றில் தேடினேன். ஒரு பக்கத்தில் அது இருந்தது. வெளிநாடுகளில் அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே கண்டிருந்தார்கள். பாக்டீரியா தன் சொந்த டி.என்.ஏ.வின் மேல் ஒரு முத்திரை வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து நுழையும் டி.என்.ஏ.வில் அந்த முத்திரை இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு வைரஸ் வெட்டுக்குத் தப்பிவிட்டால், அதன் குஞ்சுகள் அந்தக் கிருமிக்குள்ளேயே பிறப்பதால் அந்தக் கிருமியின் முத்திரையோடு பிறக்கின்றன. பிறகு அந்த வகைக் கிருமி அவற்றைத் தன்னுடையதென்று விட்டுவிடுகிறது. ஆனால் பழைய வகைக்குத் திரும்பிப் போனால் அங்கே அவை அந்நியம். டில்லிக்காரர்கள் அடிக்கோடு போட்டதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மலரின் முகப்புக் கட்டுரையில் இதற்குத்தான் படம் போட்டிருக்கிறார்கள். முத்திரை வைப்பதும் வெட்டுவதும் ஒரே கூட்டுப் புரதம். அதில் மடிப்பு மடிப்பாகத் தனித்தனிப் பகுதிகள், டொமைன் என்கிறார்கள். டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் பகுதி பச்சை, முத்திரை வைப்பது நீலம், வெட்டுவது சிவப்பு. படிக்கும் பகுதி கொஞ்சம் மாறினால் அந்தக் கிருமியின் முத்திரையே மாறிவிடுமாம். இப்போது இதே மாதிரி நூற்றுக்கு மேற்பட்ட பாதுகாப்பு முறைகளைக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் குப்பியில் நடந்தது இதுவேதான் என்று இன்று நிரூபிக்க முடியாது, குப்பிகள் இல்லை. ஆனால் தட்டில் தெரிந்தது வேறு எதற்கும் பொருந்தவில்லை.

நோட்டையும் தட்டுகளையும் புத்தகத்தையும் டாக்டர் மேசையில் வைத்தேன். தட்டைக் கவிழ்த்துப் பார்க்கக்கூட இல்லை.

"கண்ணாடில சோப்பு ஒட்டியிருக்கும். உங்க கை சுத்தமா இருக்கணும் எஸ்தர்."

நான் டில்லிக்கு எழுதி மூலக் கிருமியை வரவழைத்தேன். மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஆம்பூரிலிருந்து இன்னும் ஆறு பேருடைய ரத்தம் வந்தது. முனியம்மா கேன்டீனை விட்டுப் போன பின்பு படுத்தவர்கள். புதிய மூலக் கிருமியில் பேஜைச் சரியாகப் பெருக்கி எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். முனியம்மா மட்டும் மூன்று. மற்ற எல்லாரும் எங்கள் ஐந்துக்கும் அகப்படாத வேறு வகை.

இந்த முறை அவர் தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் கண்டேன். அவர் மேல் எனக்கிருந்த மரியாதையின் கடைசி நிமிஷம் அதுதான்.

"ரிப்போர்ட்டத் திருத்தணும் சார்."

"எதுக்கு? அந்தம்மாவுக்கு டைபாய்டு கிருமி இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப சமையல்ல இருக்கக் கூடாது. திருத்தினாலும் வெளிய அனுப்பத்தான் செய்வாங்க. ரிசல்ட் அதேதான்."

"அதே இல்ல சார். அந்தப் பொண்ண இவங்கதான் கொன்னாங்கன்னு ஊரே சொல்லுது. பரவுன இடம் வேற எங்கயோ அப்படியே கெடக்குது. இன்னும் ஆறு பேர் படுத்திருக்காங்க."

"இன்னொரு தடவ யோசிங்க எஸ்தர்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். முனியம்மா சமைக்கக் கூடாதுதான். அந்தப் பாதி உண்மையைப் போர்த்திக்கொண்டு மீதி அத்தனையையும் மூடிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஆம்பூர் போனேன். மேனேஜர் என் நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை.

"டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இருக்குது. நீங்க இன்னா, டாக்டரா?"

"இல்ல. சோதனை செஞ்சது நான்."

"அப்ப டாக்டர் கையெழுத்தோட வாங்க."

வெளியே வந்து நின்றேன். பம்ப் அறையில் வேலை பார்த்த காதர் பாய் என்பவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "எம்மா, இப்டி வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப் போனார். பழைய கிணறு ஒன்று. தோல் வேலைக்கு வேறு தண்ணீர். இது குடிக்கவும் சமைக்கவும். அதிலிருந்து பத்தடிகூட இல்லை, கக்கூஸ் சாக்கடை. நடுவே கல் சரிந்து கிடந்தது.

"ரெண்டு மாசமா சொல்றேன், கெணத்துல சாக்கடை எறங்குதுன்னு. பேஜாராப் போச்சு. யாரும் காதுல வாங்கல. சமையக்காரம்மா கெடச்சதும் கெணத்த மறந்தே போய்ட்டாங்க."

அடுத்த முறை போகும்போது கட்டுத்துணியை நீளமாக மடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, ஆட்டோகிளேவ் செய்து எடுத்துப் போனேன். ஓடுகிற தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தொங்கவிட்டால் கிருமி துணியில் சிக்கும். காதர் பாய் அதைப் பம்ப் குழாயின் வாயில் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்து, நான் கொடுத்த ஜாடியில் போட்டுப் பள்ளிகொண்டாவுக்கே கொண்டுவந்து தந்தார். டைபாய்டு கிருமியை மட்டும் வளரவிடும் ஊட்டத் திரவத்தில் அதை ஊறப் போட்டு, பிறகு தட்டில் தீட்டினேன். இரண்டாம் நாள் கறுப்பாக, உலோகப் பளபளப்போடு நான்கு புள்ளிகள் எழும்பின. அவற்றை எடுத்துப் பேஜ் தட்டு போட்டேன். மூன்றாம் எண் தின்னவில்லை. எந்த எண்ணும் தின்னவில்லை. ஆனால் நோயாளியின் கிருமியில் தவறாக வளர்த்த அந்தப் புதுக் குப்பி, நான் கொட்டாமல் தனியே வைத்திருந்த குப்பி, அதை ஒரு சொட்டு வைத்ததும் கண்ணாடி போலத் தெளிந்தது. கிணற்றுக் கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒன்று.

டாக்டர் அதற்கும் கையெழுத்துப் போடவில்லை. உத்தரவில்லாமல் வெளியிலிருந்து மாதிரி எடுத்தேன் என்று மென்மையாகக் கண்டித்து, என்னைப் பேஜ் வேலையிலிருந்து எடுத்து மறுபடி அகார் காய்ச்சப் போட்டார். என் நோட்டை ஆய்வகத்தின் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் கிணற்றுச் சோதனையின் விவரத்தை ஒரு காகிதத்தில் எழுதி முனிசிபல் சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். யாருடைய கையெழுத்தையும் கேட்காமல் தானே போய்த் தண்ணீரை மோந்து பார்த்து, கிணற்றை மூடி, குளோரின் போட்டு, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். அதன் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ரத்தமும் வரவில்லை.

ஊரில் என்ன பேசினார்கள்? சமையல்காரியை விரட்டியதும் காய்ச்சல் நின்றது என்று பேசினார்கள்.

நான் டாக்டரிடம் மாதம் ஒரு முறையாவது கேட்டேன். 'ஆகட்டும்', 'பார்க்கலாம்', 'அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சே'. அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு மாநாட்டிலிருந்து திரும்பி வந்தார். அவர் படித்த கட்டுரையின் பிரதி தட்டச்சுக்காரரின் மேசையில் கிடந்தது. உள்ளூர் டைபாய்டு கிருமியில் வளர்த்த பேஜ் தன் குணம் மாறுவதைப் பற்றி. என் மூன்று ஓட்டைகள் அதில் இருந்தன. என் தேதிகள் இருந்தன. மறுசோதனைகள் வரிசை மாறாமல் இருந்தன. 'இதைக் கவனிக்காவிட்டால் தவறான முடிவுக்கு வர நேரும்' என்றுகூட எழுதியிருந்தார். அந்தத் தவறான முடிவு ஆம்பூரில் ஒரு பலகையில் ஒட்டப்பட்டது என்று எழுதவில்லை. நாடெங்கிலுமிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கு முன்னால் சொல்ல முடிந்த ஒன்றை, இருபது மைல் தள்ளி இருக்கும் ஒரு மேனேஜருக்கு அவரால் எழுத முடியவில்லை.

அன்று மத்தியானம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அதற்குப் பிறகு வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கடிதம் கொடுத்த வாரமே முனியம்மாவைத் தேடிப் போனேன். ஆலங்காயத்தைத் தாண்டி, காட்டோரத்தில் தம்பி வீட்டில் இருந்தார். நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

"கிட்ட வராதீங்க டாக்டரம்மா. எனக்கு ஒடம்புல வெசம் இருக்குதாம்."

"நான் டாக்டர் இல்லக்கா. ஒங்க சோதனையச் செஞ்ச ஆளு."

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். முத்திரை, பேஜ் எல்லாம் சொல்லவில்லை. அவர் உடம்பில் ஒரு கிருமி இருப்பது உண்மை. ஆனால் கம்பெனியில் பரவியது வேறு, அது கிணற்றிலிருந்து வந்தது. தப்பு எங்கள் சோதனையில் நடந்தது, அதில் என் கையும் இருந்தது. இவ்வளவுதான். 

"அப்ப ஜெயந்தி?"

"அது ஒங்களால இல்ல."

"அந்தப் பொண்ணு ரசம்னா உயிர விடும். எனக்கு ரெண்டு கரண்டி ஜாஸ்தி ஊத்து ஆண்ட்டீன்னும். நான் ஊத்துன ரசத்துலதான் போச்சுன்னு அவங்கம்மா மண்ண வாரித் தூத்துனா." கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். "எட்டு மாசமா நான் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி மொண்டு குடுக்கல."

கிருமிக்கு வைத்தியம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். பிறகு அதைச் செய்தேன். மாத்திரையில் தீராமல் பித்தப்பையை எடுத்த பிறகுதான் அவருக்குச் சுத்தமானது. அன்றைக்கு அவர் கேட்டது அதுவல்ல.

"நீ சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. எழுதி, அவங்கம்மாகிட்ட நீயே படி."

கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அவருக்குப் புரிகிற தமிழில் எழுதினேன். கீழே 'எஸ்தர், லேப் டெக்னீஷியன்' என்று கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே இருவரும் ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம்.

ஜெயந்தியின் அம்மா வாசலில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். முனியம்மாவைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.  நின்றபடியே தாளைப் படித்தேன். 'முனியம்மாவின் உடம்பில் உள்ள கிருமி வேறு. ஜெயந்தியின் ரத்தத்தில் இருந்த கிருமி வேறு. ஜெயந்தியின் ரத்தத்தில் இருந்ததே கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரிலும் இருந்தது. முன்பு கொடுத்த ரிப்போர்ட் தவறு.'

"இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன்.

"டாக்டர் ஏன் வரல?"

"அவர் வர மாட்டார்மா."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரிப்போர்ட் போன மறுவாரமே தெரியும்."

"எட்டு மாசம்." என் முகத்தையே பார்த்தார். "எட்டு மாசமா நான் இவள நாசமாப் போன்னு சாபம் உட்டுனு இருக்கேன். நீ இன்னா பண்ணினு இருந்த?"

"டாக்டர் கையெழுத்துப் போடுவார்னு காத்துனு இருந்தேன்."

 ஜெயந்தியின் அம்மா முனியம்மாவிடம் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். இருவரும் அழுதார்கள். நான் வாசலிலேயே நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்து கை நீட்டினார்.

"அந்தப் பேப்பர எனக்குக் குடு."

"இது முனியம்மாவுக்கு எழுதினது."

"அவளுக்கு இன்னொன்னு எழுது. கேன்டீன் பலகைக்கு ஒன்னு எழுது. நானே கொண்டுபோய் ஒட்டறேன். யார் வந்து கிழிக்கறான்னு பாக்கறேன்."

படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, பலகையில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தேன்.